மாபெரும் கலைஞர் பி. ரம்லி

பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள. வலிமார்களைப் பற்றியும் சமுதாயத் தலைவர்களைப் பற்றியும் எழுதக்கூடிய கற்றறிந்த பெருமக்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். கிள்ளானில் துணி வியாபாரம் செய்யும் நாங்கள் அந்தப் பக்கம் போவது முறையாகாது. எங்களுக்குத் தெரிந்தது கடை, அதை விட்டால் பாட்டு. ஆகவே இந்த நாட்டின் ஒரு பாடகரை எடுத்துக்கொண்டோம். முஸ்லிம் சங்க மலரில் பாட்டுக்காரர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நோன்புப் பெருநாள் காலையில் வானொலியில் அவர் குரல் கேட்காத வீடு நம்மில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி தானாக அடங்கிவிடும்.

பி. ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு ஜக்காரியா. தந்தை தெயுக்கு ஞாக் பூத்தே சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் செ மா, பட்டர்வொர்த் பக்கத்துப் பெண். பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து தந்தையின் பெயரான பூத்தேயிலிருந்து எடுத்தது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வது நமக்குப் பழகிய வழக்கம் என்பதால், சிறு வயதில் அவரை நம்மவர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானியர் வந்தார்கள். படிப்பு தடைப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகு வயலினும் கித்தாருமாகச் சிறு இசைக்குழு ஒன்றில் சேர்ந்து விருந்துகளிலும் கலைநிகழ்ச்சிகளிலும் பாடினார். 1947இல் பினாங்கு வானொலியின் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு கண்காட்சி மேடையில், தாமே இசையமைத்த 'அஸிஸா' என்ற பாடலைப் பாடினார். கூட்டத்தில் சிங்கப்பூர் ஷா சகோதரர்களின் பட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இருந்தார். அந்த ஒரு பாட்டு அந்தப் பையனைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 19.

ஜாலான் அம்பாஸில் இருந்த அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் முதலில் கிடைத்தது வில்லன் வேடமும் பின்னணிப் பாட்டும். 1948இல் வந்த 'சிந்தா' படத்தில் கதாநாயகன் ரூமாய் நோர் வாயசைக்க, பாடியவர் ரம்லி. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இதை மாற்றியவர் ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? சென்னை மாகாணத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் அவர். 1950இல் அவர் இயக்கிய 'பக்தி' படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கி, அவருடைய பாட்டை அவருடைய குரலிலேயே பாட வைத்தார். முகத்தழகு போதாது என்று பிறர் ஒதுக்கிய இளைஞரிடம் கிருஷ்ணன் கண்டது வேறொன்று. இன்று மலாய்ப் படவுலகின் வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தை விடாமல் குறிப்பிடுகிறார்கள். நாம்தான் மறந்துவிட்டோம்.

அதன்பின் ஏறுமுகம். 1955இல் 'பெனாரெக் பெச்சா' படத்தைத் தாமே இயக்கினார். ரிக்‌ஷா மிதிக்கும் ஏழையின் கதை. அந்தப் படத்தை எங்கள் நன்னா மூன்று முறை பார்த்ததாகச் சொல்வார். கப்பலில் வந்து இறங்கி, மூட்டை தூக்கி, பிறகு பாத்து ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றவருக்கு அது தன் கதையாகவே பட்டிருக்கும். 1956இல் 'ஹங் துவா' படத்தின் இசைக்கும், 1957இல் 'அனாக்கு சஸாலி' படத்தின் நடிப்புக்கும் ஆசியத் திரைப்பட விழாக்களில் ரம்லி பரிசு பெற்றார். 1962இல் வந்த 'இபு மெர்துவாகு' நம்மவர்கள் பலரும் பார்த்த படம். பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க மனமில்லாத ஒரு பணக்காரத் தாய், பொய் சொல்லி மகளைப் பிரித்து, ஒரு கலைஞனின் வாழ்க்கையையே அழித்துவிடும் கதை. சக்ஸபோன் வாசிக்கும் காசிம் செலாமாட்டாக ரம்லி நடித்தார். அந்த மாமியாரைத் திட்டிக்கொண்டே கண்ணீர் விட்ட நம் வீட்டுப் பெரியவர்களும், ஒரு பாடகன் பெண் கேட்டு வந்தால் அந்த மாமியார் செய்ததைத்தான் செய்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

1964இல் அவர் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டுடியோவில் வேலை. 1961இல் மணந்துகொண்ட பாடகி சலோமாவும் உடன் வந்தார். தலைநகருக்கு வந்தது உயர்வாக இருந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

வியாபாரிகள் என்ற முறையில் இந்தப் பகுதியை நாங்கள் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். சரக்கு கெட்டுப்போனதால் கடை படுத்ததா, சந்தை மாறியதால் படுத்ததா என்று பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். ஜாலான் அம்பாஸில் பல ஆண்டுகள் கூடவே உழைத்துப் பழகிய ஆட்கள் இருந்தார்கள், கருவிகள் இருந்தன. உலு கிள்ளானில் இரண்டும் குறைவு. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1963 டிசம்பரில் இங்கே தொலைக்காட்சி தொடங்கியது. திரையரங்குக்காரர்களுக்கு வண்ணத்தில் வந்த இந்திப் படமும் ஹாங்காங் படமும் லாபம் தந்தன. ரம்லியோ கடைசிப் படம் வரைக்கும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்க நேர்ந்தது. பாட்டிலும் காற்று திசை மாறியிருந்தது. பீட்டில்ஸ் குழுவைப் பார்த்து இங்கே முளைத்த 'பாப் யே யே' இசையில் இளைஞர்கள் மயங்கினார்கள். மின்சாரக் கித்தார் இல்லாத பாட்டு கிழவர் பாட்டு என்றாயிற்று. ரம்லிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மெர்டேக்காவில் அவர் 18 படங்கள் இயக்கினார். கடைசிப் படம் 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'. சிங்கப்பூர்ப் படங்களின் பக்கத்தில் இவற்றை வைக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கும் பெரும்பாலும் அதே அபிப்பிராயம்தான். ஆனால் பாட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டோம்.

எங்கள் நன்னா அவரை நேரில் பார்த்தது இந்தக் கடைசிக் காலத்தில்தான். நிதி திரட்டுவதற்காகக் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்த கலைநிகழ்ச்சி. கடை முதலாளிக்கு வந்த டிக்கெட் நன்னாவின் கைக்கு வந்தது. முன்வரிசைகளைத் தவிர நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்ததாம். ரம்லி கோட்டும் டையும் அணிந்து, உடம்பு சற்றுப் பெருத்து, மண்டபம் நிறைந்திருப்பதைப் போலவே சிரித்துக்கொண்டு வந்தாராம். மூன்று பாட்டு முடிந்தது. கிள்ளான் பேருந்து நிலையத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று நன்னா எழுந்து வந்துவிட்டார். கதவருகில் வரும்போது நான்காவது பாட்டு தொடங்கியது. நின்று கேட்கவில்லை. இங்கேதானே இருக்கிறார், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. வயதான பிறகு இந்தக் கதையை நன்னா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். படங்களைப் பற்றிச் சொல்லும்போது வரும் உற்சாகம் இதைச் சொல்லும்போது வராது. நான்காவது பாட்டு எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

1973 மே 29ஆம் நாள் விடியற்காலையில் மாரடைப்பால் ரம்லி காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 44. 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடியவர், கையில் பணமில்லாமல்தான் போனார். ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்தார்கள். செய்தி கேட்டு நன்னா கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஜனாஸாவுக்குப் போனார். அன்று கூட்டத்துக்குக் குறைவில்லையாம்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. 1982இல் கோலாலம்பூரின் ஜாலான் பாரி, ஜாலான் பி. ரம்லி ஆனது. அவர் வாடகைக்குக் குடியிருந்த செத்தாப்பாக் வீடு 1986இல் நினைவகமானது. 1990இல் டான் ஸ்ரீ விருது. தொலைக்காட்சி அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டது. எங்கள் தலைமுறை அவரைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். பாலிடெக்னிக் விடுதியில் மலாய் நண்பர்கள் இரவில் படிக்கட்டில் அமர்ந்து கித்தார் மீட்டும்போது, எங்கே சுற்றினாலும் கடைசியில் 'கெத்தாரன் ஜீவா'வில்தான் வந்து நிற்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தராமலேயே எல்லாருக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது.

செத்தாப்பாக் நினைவகத்தை நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சிறிய வீடு. அவருடைய உடைகள், இசைக்கருவிகள், பட விளம்பரங்கள் இருக்கின்றன. அப்படியே ஜாலான் அம்பாங் மையவாடிக்கும் போய் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வரலாம். 1983இல் காலமான சலோமாவும் அங்கேதான் இருக்கிறார். மையவாடியின் ஓரத்திலிருந்து கம்போங் பாருவுக்குப் போகும் நடைபாலத்துக்கு இப்போது சலோமாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரவில் அதன் விளக்குகளைப் படம் பிடிக்கக் கூட்டம் நிற்கிறது.

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். நாகூர் ஹனிபா பாடல்களை ஐம்பது ஆண்டுகளாக மேடைகளில் பாடிவரும் ஒரு பெரியவர் பாடினார். இரண்டாவது பாட்டிலேயே பிரியாணி திறந்தாயிற்று என்று செய்தி வர, வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நாங்களும் எழுந்துவிட்டோம். கதவு வரை வந்த பிறகு நன்னாவின் நினைவு வந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தோம். பெரியவர் இன்னும் ஐந்து பாட்டு பாடினார்.