ஒரு மாணவியும் பல ஆசிரியர்களும்

ஹெலன் கெல்லர் என்றதும் அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் அம்மையாரும் உடன் நினைவுக்கு வருவார். அந்த ஓர் ஆசிரியையே தனித்து நின்று அனைத்தையும் செய்து முடித்தார் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். ஹெலனின் பள்ளி நாட்களைப் பற்றிப் படித்தபின் எங்கள் எண்ணம் மாறியது.

ஹெலன் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கண்ட கடும் நோயால் பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருங்கே இழந்தார். 1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஆன் சல்லிவன் அவர் வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 20. தாமே பார்வைக் குறைவால் துன்புற்றவர். பாஸ்டனில் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் பயின்றவர். குழந்தையின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளை உணர்த்திப் பாடம் சொன்னார். 1890இல் சாரா ஃபுல்லர் என்னும் ஆசிரியை ஹெலனுக்கு வாய் திறந்து பேசக் கற்பித்தார்.

1896இல் ஹெலன், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த மகளிர் பள்ளியில் சேர்ந்தார். பார்வையும் செவியும் உள்ள பெண்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்தது அவருக்கு அதுவே முதல் முறை. ஆன் சல்லிவன் அருகிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் கையில் எழுதிக் காட்டினார். நாள் முழுவதும் ஒருவரே இதைச் செய்வது எளிதா? ஜெர்மன் மொழி ஆசிரியை குரோட்டே அம்மையார் விரலெழுத்தைக் கற்றுக்கொண்டு, வாரம் இருமுறை தனி வகுப்பு எடுத்துச் சல்லிவனுக்கு ஓய்வளித்தார். அவர் விரல்கள் வேகமாக ஓடவில்லை. ஆயினும் அவர் சலிக்கவில்லை. தலைமையாசிரியர் ஆர்தர் கில்மனும் விரலெழுத்தைக் கற்றார். 1897இல் நடந்த கல்லூரி முன்தேர்வில் வினாத்தாளைத் தாமே ஹெலனின் கையில் எழுதிக் காட்டினார். தோழியர் சிலரும் அவ்வெழுத்தைக் கற்று ஹெலனோடு உரையாடினர். எல்லாப் பாடங்களிலும் ஹெலன் தேறினார்.

ஆனால் அடுத்த ஆண்டே அந்த ஒற்றுமை குலைந்தது. ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார், பாடங்களைக் குறைக்க வேண்டும் என்றார் கில்மன். சல்லிவன் அதற்கு இணங்கவில்லை. இருவரும் நாடியது ஹெலனின் நன்மையையே. எனினும் கருத்து வேற்றுமை முற்றி, தாயார் ஹெலனையும் தங்கை மில்ட்ரெட்டையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். தோழியர் நிறைந்த வகுப்பறையை இழந்த ஹெலன், மெர்ட்டன் கீத் என்னும் ஆசிரியரிடம் தனியே பயின்றார். 1900இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் இழந்தவர்களில் கலைப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. சல்லிவன் 1936இலும் ஹெலன் 1968இலும் மறைந்தனர்.

ஆசிரியர்கள் கைகோத்தபோது ஹெலனுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது. அவர்கள் பிரிந்தபோது அந்த இடம் பறிபோனது. கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்றாலும், அந்தத் தோழியரை எங்களால் மறக்க இயலவில்லை. அன்புத் தோழியரே, நாளை நம் பக்கத்து இருக்கையில் ஒரு ஹெலன் வந்து அமரலாம். அவருடைய மொழியை நம்மில் எத்தனை பேர் கற்கப் போகிறோம்?