ஜான் ஸ்காட் ஹால்டேன்

ஜான் ஸ்காட் ஹால்டேன் (1860 – 1936) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். ஆழ்கடலில் மூழ்குவோர் மேலேறும்போது ஏற்படும் அழுத்தநீக்க நோயைத் தடுப்பதற்கான முதல் அறிவியல் முறையிலான அட்டவணையை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

எடின்பரோவில் பிறந்த ஹால்டேன், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1884 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஆக்சுபோர்டில் பணியாற்றினார். புகழ்பெற்ற மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இவரது மகன். எழுத்தாளர் நவோமி மிட்சிசன் இவரது மகள். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் பலர் இறப்பதற்குக் கார்பன் மோனாக்சைடு வளிமமே காரணம் என்பதை 1896 இல் விளக்கினார். மூச்சு விடும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கார்பன் டைஆக்சைடு என்பதைப் பிரீஸ்ட்லியுடன் இணைந்து 1905 இல் நிறுவினார்.

அழுத்தநீக்க ஆய்வு

ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரசன் உடல் திசுக்களில் கூடுதலாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டு வலி, பக்கவாதம், சில வேளைகளில் மரணம் ஆகியவற்றை விளைவிக்கும். இதற்குத் தீர்வு காணுமாறு பிரித்தானியக் கடற்படை கேட்டுக்கொண்டது. ஹால்டேன் இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் அழுத்த அறையில் ஆடுகளைக் கொண்டு சோதித்தார். 1906 இல் பியூட் தீவருகே டமான்ட், கேட்டோ ஆகிய கடற்படையினர் 210 அடி (64 மீட்டர்) ஆழம் வரை மூழ்கி அம்முறையைச் சோதித்தனர். முடிவுகள் 1908 இல் பாய்காட், டமான்ட் ஆகியோருடன் இணைந்து வெளியிடப்பட்டன.

கோட்பாடு

எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நைட்ரசனை ஏற்பதில்லை. எனவே 5, 10, 20, 40, 75 நிமிட அரைநேரம் கொண்ட ஐந்து திசுப் பிரிவுகளை ஹால்டேன் கருதினார். 20 நிமிடப் பிரிவு முதல் 20 நிமிடங்களில் பாதியும், 40 நிமிடங்களில் முக்காலும் நிரம்பும். மொத்த அழுத்தம் பாதியாகக் குறையும் வரை குமிழிகள் தீங்கு செய்யா என்பது இவரது விதி. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 வளிமண்டலம். ஆகவே நெடுநேரம் அங்கிருந்தவரும் 2 வளிமண்டலம் உள்ள 10 மீட்டர் வரை தடையின்றி ஏறலாம். அதன்பின் படிப்படியாக நின்று ஏறவேண்டும். குறைந்த நேரமே மூழ்கியவரின் திசுக்கள் அவ்வளவு நிரம்பியிரா என்பதால் அவர் நிற்காமலே மேற்பரப்பை அடையலாம். ஸ்கூபா மூழ்குவோர் பின்பற்றும் நிறுத்தமில்லா நேர எல்லையின் அடிப்படை இதுவே. ஆழம் கூடக்கூட இந்நேரம் குறையும்.

பிற்காலத் திருத்தங்கள்

10 மீட்டருக்குள் எவ்வளவு நேரம் இருந்தாலும் தீங்கில்லை என்பது இவ்விதியின் விளைவு. பிற்கால அனுபவம் இதை மறுத்தது; இன்றைய அட்டவணைகள் அவ்வாழத்திற்கும் நேர எல்லை விதிக்கின்றன. ஒரே விகிதம் எல்லாத் திசுக்களுக்கும் பொருந்தாது எனக் கண்ட அமெரிக்கக் கடற்படையின் வொர்க்மன், 1965 இல் திசுவுக்கும் ஆழத்திற்கும் ஏற்ப வரம்புகளை வகுத்தார். சுவிட்சர்லாந்தின் பூல்மன் 16 திசுப் பிரிவுகளைப் பயன்படுத்தினார். இன்றைய மூழ்குகணினிகள் பல, ஹால்டேன் வகுத்த அரைநேர முறையிலேயே நொடிக்கு நொடி கணக்கிடுகின்றன. எனினும் எல்லைக்குள் மூழ்கியோருக்கும் அரிதாக நோய் ஏற்படுவதுண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

சிறப்புகள்

1897 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹால்டேன், 1934 இல் அக்கழகத்தின் காப்ளி பதக்கத்தைப் பெற்றார். 1936 மார்ச்சில் ஆக்சுபோர்டில் காலமானார்.