கோட்டை காத்த கைகள்

புறப்பொருள் இலக்கணம் போரைப் பல திணைகளாகப் பகுத்துக் கூறுகிறது. பகைவரின் மதிலை முற்றுகையிடுவது உழிஞைத் திணை. முற்றுகையிட்டோர் உள்ளே புகாதவாறு மதிலைக் காப்பது நொச்சித் திணை. தாக்கும் வீரரைப் போலவே காக்கும் வீரருக்கும் தனிப் பூவும் தனித் திணையும் வகுத்தனர் நம் முன்னோர்.

விளையாட்டில் நிலைமை வேறு. ஆரியசாலைத் தெருக்களில் இரண்டு கற்களை வைத்துக் கால்பந்து ஆடும்போது, கோல் அடிக்கவே எல்லாரும் விரும்புவர். கோல்கீப்பராக நிற்க எளிதில் எவரும் முன்வருவதில்லை. அந்த இடத்தில் நின்று ஆசியா முழுவதும் புகழ்பெற்றவர் பீட்டர் தங்கராஜ்.

இவர் 1935ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் பிறந்தார். 1953இல் இந்தியத் தரைப்படையில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்காக ஆடினார். தொடக்கத்தில் இவர் காவலர் அல்லர்; கோல் அடிக்கும் முன்கள வீரர். பின்னரே கோல்கீப்பராக மாறினார்.

இம்மாற்றம் எளிதன்று. முன்கள வீரர் ஒன்பது முறை தவறிப் பத்தாம் முறை கோல் அடித்தால் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். கோல்கீப்பர் ஒன்பது முறை காத்துப் பத்தாம் முறை தவறினால் அப்பிழையையே நினைவில் வைப்பர். இதனை அறிந்தும் தங்கராஜ் அப்பொறுப்பை ஏற்றார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அவருக்குத் துணைநின்றன. 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணி புகழ்பெற்ற டூரண்ட் கோப்பையை வென்றது.

1956இல் மெல்போர்னிலும் 1960இல் ரோமிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இடம்பெற்றார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அவ்விரு அணிகளிலும் இருந்த மற்றொரு கோல்கீப்பரான எஸ்.எஸ். நாராயணன், கேரளத்தின் ஒற்றப்பாலத்தில் பிறந்தவர்.

தங்கராஜின் வாழ்வில் மறக்கவியலாத நாள் 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி தென்கொரியா, அத்தொடரின் முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2–0 என வென்ற அணி. அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டமோ இந்தியாவுக்கு எதிராக முழங்கியது. தொடரின்போது காய்ச்சலால் வாடியிருந்த தங்கராஜைப் பயிற்சியாளர் ரகீம் நம்பிக் களமிறக்கினார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆட்டத்தின் முற்பகுதியிலேயே கோல் அடித்தனர். ஜர்னைல் சிங் இயல்பில் தற்காப்பு வீரர். தலையில் காயம்பட்டிருந்த நிலையிலும் அன்று முன்களத்தில் ஆடினார். காவலர் ஒருவர் தாக்கச் சென்றார். தாக்கும் வீரராய்த் தொடங்கிய ஒருவர் காவல் நின்றார்! பிற்பகுதி முழுவதும் கொரியர் போராடினர். இறுதிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே அவர்களுக்குக் கிட்டியது. இந்தியா 2–1 எனத் தங்கம் வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன்பின் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

கொல்கத்தாவின் முகமதியன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் தங்கராஜ் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஓய்வுக்குப்பின் பொகாரோ உருக்காலை நகரில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2008ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்தார்.

ஆட்டத்தின் முடிவில் அடித்த கோல்கள் எண்களாகப் பதிவாகின்றன. தடுத்த கோல்களை எவரும் எழுதி வைப்பதில்லை. எனினும் 2–1 என்னும் கணக்கில், அந்த ஒன்று இரண்டாகாமல் தடுத்த கைகளின் உழைப்பும் அடங்கியுள்ளது. மாணவர்களே, அடுத்தமுறை ஒரு வெற்றியின் கணக்கைப் படிக்கும்போது இரண்டு எண்களையும் பாருங்கள்.

சிந்தித்து எழுதுக

1. உழிஞை, நொச்சி ஆகிய திணைகளைக் கால்பந்தாட்டத்தோடு ஒப்பிடுக.
2. கோல்கீப்பரின் பொறுப்பு கடினமானது எனப் பாடம் கூறுவது ஏன்?
3. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ, பிறர் கண்ணில் படாமல் காக்கும் பணி செய்பவர் ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.