ஜோசப் அற்கின்சன்: ரொறன்ரோவுக்கு ஒரு பத்திரிகை அதிபர் விட்டுச்சென்ற கொடை

நெடுஞ்சாலை 401இல் ஒஷாவாவைத் தாண்டி மொன்றியல் பக்கமாகப் போனால், சிறிது தூரத்தில் நியூகாசில் என்ற சிற்றூர் வரும். நம்மில் பலர் அதை நிற்காமலே கடந்து போயிருப்போம். ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடத்திய ஜோசப் அற்கின்சன் 1865 டிசம்பர் 23ஆம் திகதி அந்த ஊருக்கு அருகில்தான் பிறந்தார்.

அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை ரயில் மோதி இறந்துவிட்டார். பிள்ளைகள் நிறைந்த வீடு. தாய் ஹன்னா, தொழிலாளர்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்கும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பதின்ம வயதில் தாயையும் இழந்த சிறுவன் கம்பளி ஆலையில் வேலைக்குப் போனான். உறைந்த குளத்தில் மற்றப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதை அவன் ஓரமாக நின்று பார்த்திருக்கிறான். அதைக் கண்ட முன்பின் அறியாத ஒரு பெண்மணி அவனுக்குச் சறுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தாராம். அற்கின்சனின் ஈகைக்கு விதையாக இந்தச் சம்பவம் இன்றும் சொல்லப்படுகிறது.

போர்ட் ஹோப் நகரின் ஒரு சிறிய பத்திரிகையில் அவர் தொழில் பழகினார். பிறகு ரொறன்ரோவிலும் ஒட்டாவாவிலும் நிருபராக வேலை பார்த்து, மொன்றியலில் ஒரு நாளிதழின் நிர்வாக ஆசிரியராக உயர்ந்தார். 1892இல் அவர் மணந்த எல்மினா எலியட்டும் பத்திரிகையாளரே. அதே 1892இல், வேலைநிறுத்தத்தில் இருந்த அச்சுத் தொழிலாளர்கள் தொடங்கியதுதான் ஸ்டார். அது தள்ளாடிக்கொண்டிருந்தபோது, லிபரல் கட்சிச் சார்புள்ள செல்வந்தர்கள் அதை வாங்கி, 1899 டிசம்பரில் அற்கின்சனிடம் ஒப்படைத்தார்கள். பத்திரிகை கட்சியின் ஊதுகுழலாக இருக்காது என்ற நிபந்தனையோடுதான் அவர் பொறுப்பேற்றார். 1913 அளவில் நகரிலேயே அதிகம் விற்பனையாகும் நாளிதழாக அதை வளர்த்து, அதன் பெரும்பான்மைப் பங்குகளுக்கும் சொந்தக்காரரானார்.

அக்காலத்து ரொறன்ரோவின் சேரிகளில் கோடை வெப்பத்தில் குழந்தைகள் நோயுற்று இறந்துகொண்டிருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளை நகருக்கு வெளியே நல்ல காற்றுள்ள இடங்களுக்கு அனுப்ப 1901இல் அவர் ஒரு நிதி தொடங்கினார். 1906இல் நத்தார் பரிசு நிதி வந்தது. முதல் ஆண்டில் வாசகர்களிடம் திரண்டது 150 டொலர். பரிசு பெற்ற பிள்ளைகள் 300 பேர். இரண்டு நிதிகளும் இன்றும் இயங்குகின்றன. நத்தார்ப் பெட்டிகள் இப்போது ஆண்டுதோறும் பல்லாயிரம் வீடுகளுக்குப் போகின்றன. உள்ளே குளிருக்கான உடுப்பு, கையுறை, விளையாட்டுப் பொருள், புத்தகம் இருக்கும்.

கொடையோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. முதியோர் ஓய்வூதியம், தாய்மாருக்கான உதவிப்பணம், வேலையில்லாதோர் காப்புறுதி, தொழிற்சங்க உரிமை ஆகியவற்றுக்காக அவருடைய பத்திரிகை விடாமல் வாதாடியது. இவை பிறர் இரங்கிக் கொடுக்கும் தானமாக இல்லாமல், சட்டம் தரும் உரிமையாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. பரபரப்புச் செய்திகளால் விற்பனையைப் பெருக்கியவர் அவர்; காசு விடயத்தில் கறார்க்காரர். சமயப் பற்றையும் வியாபாரச் சாதுரியத்தையும் ஒருங்கே கண்டவர்கள் அவரைப் புனித ஜோ என்று கேலி செய்தார்கள்.

1942இல் அவர் அற்கின்சன் அறக்கட்டளையை நிறுவினார். 1948 மே 8இல் மறைந்தபோது, பத்திரிகையையே அதற்கு எழுதி வைத்திருந்தார். ஸ்டாரின் இலாபம் முழுவதும் என்றென்றைக்கும் ஒன்ராறியோ மக்களின் நலனுக்குப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். ஸ்டார் ஓயாமல் எதிர்த்துவந்த கொன்சர்வேட்டிவ் கட்சிதான் அப்போது மாகாணத்தை ஆண்டது. அற நிறுவனம் எதுவும் ஒரு வணிக நிறுவனத்தில் பத்து வீதத்துக்கு மேல் உரிமை வைத்திருக்கக்கூடாது என்று 1949இல் அது சட்டம் கொண்டுவந்தது. வரிச்சலுகை பெறும் பத்திரிகையோடு மற்றவர்கள் எப்படிப் போட்டியிடுவது என்று அரசு தரப்பு கேட்டது. தம் வாயை அடைக்கும் பழிவாங்கல் இது என்றது ஸ்டார் தரப்பு. இறந்தவரின் உயிலையே கட்டுப்படுத்திய அந்தச் சட்டம் 2009இல்தான் நீக்கப்பட்டது.

1958இல் அற்கின்சன் குடும்பத்தாரும் அவரோடு பணியாற்றியவர்களின் குடும்பங்களும் சேர்ந்து 25.5 மில்லியன் டொலருக்கு ஸ்டாரை வாங்கினார்கள். அவருடைய கொள்கைகளைக் காப்போம் என்று நீதிமன்றத்தில் உறுதியும் கொடுத்தார்கள். விற்ற பணம் அறக்கட்டளையின் முதலானது. மகள் ரூத் ஹிண்ட்மார்ஷ், மகன் ஜோசப், பின்னர் அடுத்த தலைமுறையினர் என அந்தக் குடும்பம் அறப்பணியைத் தொடர்ந்தது. பகலில் வேலை செய்து மாலையில் படிப்பவர்களுக்காக யோர்க் பல்கலைக்கழகம் 1960களில் தொடங்கிய கல்லூரியும் அற்கின்சன் பெயரையே தாங்கியது.

2020இல் ஸ்டார் அந்தக் குடும்பங்களின் கையைவிட்டுப் போனது. அறக்கட்டளை போகவில்லை. பத்திரிகையிலிருந்து அதைப் பிரித்த சட்டமே, பத்திரிகைத் தொழில் நலிந்த காலத்தில் அதற்குப் பாதுகாப்பாகிவிட்டது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் அள்ளிக் கொடுக்கும் சமூகம் நம்முடையது. ஆனால் நம் கொடைகள் பெரும்பாலும் கொடுத்தவரின் கைச்சூடு ஆறுமட்டுமே நிற்கின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கைக்காக நாம் திரட்டிய மூன்று மில்லியன் டொலர் வேறு வகை: முதல் அப்படியே இருக்க, வருமானம் மட்டும் செலவாகும். அற்கின்சன் குடும்பத்தின் கொடை முக்கால் நூற்றாண்டைத் தாண்டி நிற்பதும் இதே ஏற்பாட்டால்தான். நம் பிள்ளைகளுக்குச் சொத்து எழுதி வைக்கும்போது, கொடுக்கும் பொறுப்பில் ஒரு பங்கையும் சேர்த்து எழுதி வைக்கலாம்.