டார்ச் ஆப்புக்கு எதற்கு உங்கள் கான்டாக்ட்ஸ்? 1890-லேயே இந்தக் கேள்வியைக் கேட்டவர்... யார் இந்த லூயிஸ் பிராண்டைஸ்?

புதுசா ஒரு டார்ச் லைட் ஆப் இன்ஸ்டால் செய்கிறீர்கள். வெளிச்சம் தருவது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் திறந்ததுமே உங்கள் கான்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்கிறது. அடுத்து லொகேஷன் கேட்கிறது. இதுக்கு எதுக்கு அதெல்லாம் என்று ஒரு நொடி தோன்றும். அவசரத்தில் ஓகே தட்டிவிட்டுப் போய்விடுவோம்.

அந்த ஒரு நொடி சந்தேகம் நியாயமானதுதான். அதைச் சட்டத்தின் மொழியில் எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு அமெரிக்க வழக்கறிஞர். செல்போனையும் இன்டர்நெட்டையும் பார்க்காமலேயே 1941-ல் இறந்துபோனவர். பெயர் லூயிஸ் பிராண்டைஸ்.

தனிமனிதனின் அந்தரங்கம் மூடியிருக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் செயல் திறந்திருக்க வேண்டும். அவர் வாழ்க்கையின் சாரத்தை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம். இன்று ஒரு ஆப்பை நம்பலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கவும் இந்த ஒரு வரி உதவும். எப்படி? பார்க்கலாம்.

யார் இந்த பிராண்டைஸ்?

1856 நவம்பர் 13-ம் தேதி, அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் உள்ள லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் ஐரோப்பாவின் பிராக் நகரிலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பா தானிய வியாபாரி. தாய்மாமா ஒருவர் வழக்கறிஞர். அவர் மீது இருந்த மதிப்பால், தன் பெயரின் நடுவில் இருந்த டேவிட்டை எடுத்துவிட்டு, மாமாவின் குடும்பப் பெயரான டெம்பிட்ஸைச் சேர்த்துக்கொண்டார்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சில காலம் படித்தார். 1875-ல், 18 வயதில், ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு சிக்கல். கேஸ் வெளிச்சத்தில் இரவெல்லாம் படித்ததில் கண் பாதிக்கப்பட்டது. அதற்காக அவர் படிப்பை விடவில்லை. நண்பர்களைப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டு மனப்பாடம் செய்தார். 1877-ல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

இரண்டாம் இடம் பிடித்த சாமுவேல் வாரன் அவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து 1879-ல் பாஸ்டனில் வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார்கள். வாரன் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. பிறகு குடும்பத் தொழிலான பேப்பர் மில்லைக் கவனிக்கப் போய்விட்டார். நட்பு மட்டும் தொடர்ந்தது.

கேமராவால் வந்த தலைவலி

1888-ல் கோடாக் நிறுவனம் கையடக்க கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளேயே 100 படங்களுக்கான ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினால், படங்கள் பிரின்ட் ஆகி வரும்.

இதில் என்ன பிரச்னை? அதுவரை போட்டோ என்றால் ஸ்டுடியோவுக்குப் போய் அசையாமல் உட்கார வேண்டும். அதாவது, உங்கள் சம்மதம் இல்லாமல் உங்களைப் படம் எடுப்பது கஷ்டம். இப்போது தெருவில் போகிற யாரையும், அவருக்கே தெரியாமல் எடுக்கலாம். இன்னொரு பக்கம், ஊர் வம்பை அச்சடித்து விற்கும் பத்திரிகைகள் பெருகின. வாரன் வீட்டு விசேஷங்களைப் பற்றியும் அவை எழுதின. பேப்பர் மில் குடும்பத்துக்காரருக்கே பேப்பரில் வரும் செய்தி எரிச்சலைக் கிளப்பியது.

நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 1890 டிசம்பரில் ஹார்வர்டு சட்ட இதழில் வெளியான அதன் தலைப்பு, தி ரைட் டு பிரைவசி. தமிழில் சொன்னால், தனியுரிமை.

கட்டுரையின் வாதம் எளிமையானது. வீடு புகுந்தால் சட்டம் தண்டிக்கும். பொய்யாக அவதூறு பரப்பினால் தண்டிக்கும். ஆனால் ஒருவரின் சொந்த வாழ்க்கையை, உண்மையாகவே இருந்தாலும், அவர் அனுமதியில்லாமல் ஊருக்குக் காட்டினால்? அதற்கும் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். மனிதனை அவன்பாட்டுக்கு இருக்க விடுவதும் ஒரு உரிமைதான் என்பது அவர்கள் கட்சி.

முக்கியமாக இன்னொன்றையும் சேர்த்தார்கள். பொதுநலன் சார்ந்த செய்தியை இந்த உரிமையைக் காட்டித் தடுக்கக் கூடாது. பதவிக்குப் போட்டியிடுபவர் அந்தரங்கம் என்ற போர்வையில் எல்லாவற்றையும் மறைக்க முடியாது.

மாவு விளம்பரத்தில் ஒரு பெண்ணின் படம்

சட்டம் உடனே மாறிவிடவில்லை. நியூயார்க் மாகாணத்தில் ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்துக்காக, ஒரு இளம்பெண்ணின் படத்தை அவரிடம் கேட்காமலேயே சுமார் 25,000 போஸ்டர்களில் அச்சடித்தார்கள். அந்தப் பெண் நீதிமன்றம் போனார். 1902-ல் தீர்ப்பு வந்தது. அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இல்லை என்று அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, 1903-ல், ஒருவரின் பெயரையோ படத்தையோ எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நியூயார்க் சட்டம் இயற்றியது. 1905-ல் ஜார்ஜியா மாகாண உச்ச நீதிமன்றம் தனியுரிமையை நேரடியாகவே ஏற்றுக்கொண்டது. இரண்டு இளம் வழக்கறிஞர்களின் கட்டுரை சட்டமாக உருமாறத் தொடங்கியது.

ஃபீஸ் வாங்காத வக்கீல்

பிராண்டைஸ் வழக்கறிஞர் தொழிலில் நன்றாகவே சம்பாதித்தார். ஆனால் பொதுநல வழக்குகளுக்குப் பணம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார். அதனால் அவருக்கு மக்கள் வக்கீல் என்றே பெயர் வந்தது.

அவர் மிகவும் பெருமைப்பட்ட வேலை எது தெரியுமா? ஒரு இன்சூரன்ஸ் திட்டம்.

அந்தக் காலத்தில் தொழிலாளர்களிடம் ஏஜென்டுகள் வாரா வாரம் வீடு தேடி வந்து பிரீமியம் வசூலிப்பார்கள். வசதிதான். ஆனால் கட்டிய பணத்தில் பெரும் பகுதி கமிஷனுக்கும் நிர்வாகச் செலவுக்கும் போய்விடும். சில வாரம் கட்ட முடியாமல் போனால் பாலிசியே காலாவதி. இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிராண்டைஸ், சேமிப்பு வங்கிகளே நேரடியாக ஆயுள் காப்பீடு விற்கட்டும் என்றார். 1907-ல் மாசசூசெட்ஸ் மாகாணம் அதைச் சட்டமாக்கியது. மக்களுக்குத் தேவையான சேவையை, அவர்களைச் சுரண்டாமலும் கொடுக்க முடியும் என்று அவர் நிரூபித்தார்.

1914-ல் வந்த அவருடைய புத்தகம், அதர் பீப்பிள்ஸ் மணி. பொதுமக்களின் பணத்தை வைத்தே பெரிய வங்கியாளர்கள் எப்படி மொத்தத் தொழிலையும் கைப்பிடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று போட்டு உடைத்தார். பெரிய நிறுவனங்களின் கணக்குவழக்கு வெளிச்சத்துக்கு வந்தாலே பாதி நோய் தீரும் என்பது அவர் நம்பிக்கை.

ஜனவரி 28

1916 ஜனவரி 28-ம் தேதி, அதிபர் உட்ரோ வில்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிந்துரைத்தார். பெரும் எதிர்ப்பு. பெரிய நிறுவனங்களை எதிர்த்தவர் என்பது ஒரு காரணம். யூதர் என்பது பலர் வெளியே சொல்லாத இன்னொரு காரணம். நான்கு மாத இழுபறிக்குப் பிறகு, ஜூன் 1-ம் தேதி 47-22 என்ற வாக்குகளில் செனட் ஒப்புதல் தந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி ஆனார்.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. 1927-ல், ஒரு பெண்ணுக்கு அரசே கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அந்த நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்பளித்தது. அந்த எட்டுப் பேரில் பிராண்டைஸும் ஒருவர். தனியுரிமைக்காக எழுதிய அதே கை, ஒரு பெண்ணின் உடல் மீதான உரிமையைப் பறித்த தீர்ப்போடும் சேர்ந்து நின்றது. அவர் வாழ்க்கையில் அழியாத கறை அது.

போன் ஒட்டுக்கேட்பு வழக்கு

அடுத்த ஆண்டே, 1928-ல், அவரை இன்றும் பேச வைக்கும் வழக்கு வந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த நேரம். சியாட்டில் நகரில் முன்னாள் போலீஸ்காரரான ராய் ஓம்ஸ்டெட் பெரிய அளவில் கள்ளச் சாராயம் விற்றார். அதிகாரிகள் அவருடைய போன் லைன்களில் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டு ஆதாரம் சேர்த்தார்கள். வாரன்ட் கிடையாது. ஆனால் அவர் வீட்டுக்குள் நுழையவும் இல்லை. வெளியே போகும் ஒயரில்தான் கை வைத்தார்கள்.

வீட்டுக்குள் போகவில்லையே, அப்புறம் எப்படி சோதனை ஆகும் என்று கேட்டு, 5-4 என்ற பெரும்பான்மை அரசு பக்கம் நின்றது. பிராண்டைஸ் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அவர் வாதம் இதுதான்: சட்டம் எழுதிய காலத்தில் வீட்டை உடைத்தால்தான் ரகசியத்தை எடுக்க முடியும். இப்போது அது தேவையில்லை. நாளை இன்னும் முன்னேறிய கருவிகள் வரும். மேஜை டிராயரில் இருக்கும் காகிதத்தைத் தொடாமலேயே அதிலுள்ளதை நீதிமன்றத்தில் காட்டும் காலம் வரலாம். கருவி மாறினாலும் உரிமை மாறக் கூடாது.

இதன் முதல் வரைவில், அப்போதுதான் பரிசோதனை நிலையில் இருந்த டெலிவிஷனையும் அவர் உதாரணமாகச் சேர்த்திருந்தார். இறுதி வடிவத்தில் அது நீக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு டிவி வருவதற்கு முன்பே, ஒரு திரை மனிதனை வேவு பார்க்கலாம் என்று யோசித்தவர் அவர்.

1939-ல் ஓய்வு பெற்றார். 1941 அக்டோபர் 5-ம் தேதி வாஷிங்டனில் காலமானார். அவருடைய அஸ்தி, சொந்த ஊரான லூயிவில் சட்டக் கல்லூரியில் புதைக்கப்பட்டது. 1967-ல், பொதுத் தொலைபேசி பூத்தில் பேசியதை ஒட்டுக்கேட்ட இன்னொரு வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. பிராண்டைஸ் தோற்ற வாதம், அவர் இறந்து 26 ஆண்டுகள் கழித்து ஜெயித்தது.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

1994-ல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் இதழ் முயன்றபோது, அதில் அதிகாரிகள் பெயர் வருகிறது என்று தடுக்கப் பார்த்தார்கள். தனிமனிதனை அவன்பாட்டுக்கு விட்டுவிடும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் சார்ந்த செயல்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது, வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்கவும் முடியாது என்றும் சொன்னது.

பிராண்டைஸின் இரண்டு பாதியும் அந்த ஒரே தீர்ப்பில் இருந்தன. பிறகு, 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, ஆதார் தொடர்பாகத் தொடங்கிய புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு 1890 கட்டுரையையும் விரிவாகப் பேசுகிறது.

சரி, இதுக்கும் நம்ம போனுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்யும் முன் பிராண்டைஸ் பாணியில் இரண்டு கேள்வி கேளுங்கள்.

1. வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்கிறதா?
2. தன்னைப் பற்றித் திறந்து காட்டுகிறதா? அதாவது, அதன் புரோகிராம் கோடை வெளியாட்கள் பரிசோதிக்க முடியுமா? காசு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறதா?

இந்த இரண்டிலும் தேறும் சில சேவைகள்:

சிக்னல்: லாபநோக்கமற்ற அறக்கட்டளை நடத்தும் மெசேஜ் ஆப். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாது. கோட் பொதுவில் இருக்கிறது. பதிவு செய்ய போன் நம்பர் வேண்டும். ஆனால் யூசர்நேம் வைத்துக்கொண்டு நம்பரை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம். வாட்ஸ்ஆப்பும் மெசேஜ்களைப் பூட்ட சிக்னலின் தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் யாருடன், எப்போது பேசினீர்கள் என்ற விவரங்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது.

ஆர்கானிக் மேப்ஸ்: தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இயங்குகிறது. ஊரின் மேப்பை டவுன்லோடு செய்துவிட்டால் நெட் இல்லாமலும் வழி காட்டும். லைவ் டிராஃபிக் மட்டும் கிடைக்காது.

பிட்வார்டன்: எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் பெட்டகம். இலவசப் பயன்பாடே பெரும்பாலோருக்குப் போதும். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் திரும்பப் பெறுவது கஷ்டம் என்பதை மறக்க வேண்டாம்.

மாஸ்க்டு ஆதார்: இது ஆப் அல்ல, ஆதார் ஆணையமே தரும் வசதி. கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் பிரதி. அடையாளம் காட்ட மட்டும் ஆதார் கேட்கும் இடத்தில் முதலில் இதை நீட்டிப் பாருங்கள்.

எதையும் புதிதாக இன்ஸ்டால் செய்யாமலும் தொடங்கலாம். போன் செட்டிங்ஸில் பர்மிஷன் பகுதிக்குப் போங்கள். எந்தெந்த ஆப் உங்கள் மைக், கேமரா, லொகேஷனைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல் இருக்கும். தேவையில்லாததை ஆஃப் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

பிராண்டைஸ் கேமராவையோ போனையோ தடை செய்யச் சொல்லவில்லை. கருவியும் வேண்டும், அதற்கு விலையாக மனிதன் தன் அந்தரங்கத்தைக் கொடுக்கவும் கூடாது என்றுதான் வாதாடினார். அவர் நீதிபதி பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட அதே ஜனவரி 28-ம் தேதிதான், தற்செயலாக, இன்று உலகம் முழுவதும் தரவுத் தனியுரிமை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பர்மிஷன்களைச் சரிபார்க்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த டார்ச் ஆப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.