முயல் அம்மா காத்த பண்ணை வீடுகள்

குட்டீஸ்! நீலக் கோட்டு போட்ட பீட்டர் முயலைத் தெரியும்தானே? அந்தக் குறும்பு முயலைப் படைத்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். அவர் பழைய பண்ணை வீடுகளைக் காப்பாற்றியவர் என்பது தெரியுமா?

1866-ம் ஆண்டு ஜூலை 28 அன்று லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கே போனதில்லை, வீட்டிலேயே பாடம். முயல், எலி, முள்ளெலி எல்லாம்தான் தோழர்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார்.

1893-ல் அவருடைய முன்னாள் ஆசிரியையின் மகன் காய்ச்சலில் படுத்திருந்தான். அவனுக்கு எழுதிய படக் கடிதத்தில் பிறந்ததுதான் பீட்டர் முயல். பதிப்பாளர்கள் கதையைத் திருப்பி அனுப்பினார்கள். பியாட்ரிக்ஸ் சளைக்கவில்லை. 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் வெளியிட, புத்தகம் சக்கைப்போடு போட்டது!

1905-ல் அவரை மணக்க இருந்த நார்மன் வார்ன் நோயால் இறந்தார். அந்தத் துயரத்திலும், அதே ஆண்டு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 'ஹில் டாப்' பண்ணையை வாங்கினார். 17-ம் நூற்றாண்டில் கட்டிய வீடு. இடித்துவிட்டுப் பங்களா கட்டினாரா? இல்லை! பண்ணையைக் கவனிக்கும் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே புதிய பகுதி கட்டிக் கொடுத்து, பழைய வீட்டை அதன் அழகு கெடாமல் வைத்துக்கொண்டார்.

ஏரி மாவட்டத்தின் அழகே அதற்கு ஆபத்தானது. விலைக்கு வரும் பண்ணைகள் வீட்டு மனைகளாகிவிடும் என்ற நிலை. கதைப் புத்தகங்களில் வந்த பணத்தைக் கொண்டு பண்ணைகளை ஒவ்வொன்றாக வாங்கினார் பியாட்ரிக்ஸ். 1913-ல் அவர் மணந்த வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸ் இதற்குத் துணை நின்றார்.

வீட்டைப் பூட்டி வைத்தால் காப்பாற்றியதாகிவிடுமா? ஆள் இல்லாத வீடு சீக்கிரம் பாழாகும். விவசாயி அங்கே வாழ வேண்டுமானால் அவருக்கு வருமானம் வேண்டும். அதனால் பனியையும் குளிரையும் தாங்கும் அந்த ஊர் 'ஹெர்ட்விக்' செம்மறி ஆடுகளை வளர்த்தார். கண்காட்சிகளில் பரிசுகளும் வென்றார்!

1943 டிசம்பர் 22 அன்று காலமானார். 14 பண்ணைகளையும், 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளையே வளர்க்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

ஏரி மாவட்டத்தை 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு குட்டி முயலின் கதை எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறது பார்த்தீர்களா, குட்டீஸ்!