குளோட் பெர்னார்

குளோட் பெர்னார் (ஜூலை 12, 1813 – பிப்ரவரி 10, 1878) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். வெளியுலகம் எவ்வளவு மாறினாலும் உயர்நிலை விலங்குகளின் உடலுக்குள் உள்ள சூழல் ஏறத்தாழ மாறாமல் காக்கப்படுகிறது என்ற கருத்தைத் தெளிவாக முன்வைத்தவர் இவர். மருத்துவத்தைச் சோதனை அடிப்படையிலான அறிவியலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவராகவும் கருதப்படுகிறார்.

இளமை

பெர்னார் பிரான்ஸின் வில்பிராஞ்ச் நகருக்கு அருகிலுள்ள சான் ஜூலியன் என்ற சிற்றூரில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். லியோன் நகரில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பழகியபோது நாடகம் எழுதுவதில் ஈடுபாடு கொண்டார். 1834-இல், தாம் எழுதிய ஐந்து அங்க வரலாற்று நாடகத்துடன் பாரிஸ் சென்றார். அதனைப் படித்த திறனாய்வாளர் சான் மார்க் ஜிரார்தான், வாழ்க்கைக்கு வேறு தொழிலைக் கற்குமாறு அறிவுரை கூறினார். அதன் பிறகே பெர்னார் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார்.

1841-இல் கொலேஜ் டி பிரான்ஸ் நிறுவனத்தில் பிரான்சுவா மஜாந்தியின் ஆய்வு உதவியாளரானார். 1843-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஆய்வுகள்

கொழுப்பு செரிப்பதில் கணையநீருக்கு உள்ள பங்கைப் பெர்னார் நிறுவினார். எனினும் கல்லீரல் பற்றிய ஆய்வே இவருக்குப் பெரும்புகழ் தந்தது. சர்க்கரையைத் தாவரங்களே உண்டாக்குகின்றன, விலங்குகள் அதனை உணவிலிருந்து பெற்றுச் செலவிட மட்டுமே செய்கின்றன என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. இறைச்சி மட்டும் உண்ட நாய்களிலும், கல்லீரலிலிருந்து வெளியேறும் குருதியில் சர்க்கரை இருப்பதைப் பெர்னார் 1848-இல் கண்டார். பின்னர் ஒரு கல்லீரலைத் தனியே எடுத்து, சர்க்கரை முழுவதும் நீங்கும் வரை நீரால் கழுவி வைத்தார். மறுநாள் அதில் மீண்டும் சர்க்கரை தோன்றியிருந்தது. இதற்கு மூலமான கிளைக்கோஜன் என்ற பொருளை 1857-இல் பிரித்தெடுத்தார்.

முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினால் அப்பக்கத்துக் காது குளிரும் என்று எதிர்பார்த்தார். மாறாகக் காது சூடேறியது. குருதிக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகள் உள்ளன என்பதும், உடல் வெப்பத்தை இழப்பதும் காப்பதும் அவற்றைச் சார்ந்தது என்பதும் இத்தகைய ஆய்வுகளால் விளங்கின.

உட்சூழல்

மேற்கூறிய கண்டுபிடிப்புகள் அனைத்தும் ஒரே கருத்தை நோக்கிச் சென்றன. ஓரணு உயிர் தன்னைச் சுற்றியுள்ள நீரிலேயே வாழ்கிறது. ஆனால் மனித உடலின் உயிரணுக்கள் வெளிக்காற்றைத் தொடுவதில்லை. குருதி, நிணநீர் போன்ற நீர்மங்களே அவற்றின் சூழல். இதனைப் பெர்னார் உட்சூழல் என்று அழைத்தார்.

இதன் அடிப்படையில் உயிர்வாழ்வை மூன்றாக வகுத்தார். உலர்ந்த விதையில் உயிர் ஒடுங்கிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் உறங்கும் விலங்கின் வாழ்வு வெளிச்சூழலுக்கேற்ப ஏறி இறங்குகிறது. வெப்பம், நீர், உயிர்வளி, ஊட்டப்பொருள் ஆகியவற்றின் அளவை உள்ளே நிலையாக வைத்திருக்கும் விலங்கோ வெளிச்சூழலுக்கு அடிமையாவதில்லை. உட்சூழலின் நிலைத்தன்மையே தடையற்ற வாழ்வுக்கு நிபந்தனை என்பது இவரது முடிவு. அந்நிலைத்தன்மை அசைவற்றது அன்று. ஒவ்வொரு மாற்றத்தையும் உடல் ஓயாது ஈடுசெய்வதால் கிடைப்பது.

குடும்ப வாழ்வு

1845-இல் பானி மார்ட்டின் என்பவரை மணந்தார். மனைவி கொண்டுவந்த சீதனமே இவர் ஆய்வைத் தொடர உதவியது. ஆனால் அவ்வாய்வுகள் உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யப்பட்டவை. அவற்றுட் பல மயக்கமருந்து இன்றி நடந்தன. இதனை மனைவியும் இரு மகள்களும் கடுமையாக எதிர்த்தனர். பிற்காலத்தில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். விலங்குவதைக்கு எதிரான இயக்கத்தில் மனைவியும் மகள்களும் ஈடுபட்டது குறிப்பிடத்தக்கது. விலங்குச் சோதனையின் அறம் பற்றிய விவாதத்தில் பெர்னாரின் பெயர் இன்றும் இடம்பெறுகிறது.

இறுதிக்காலமும் தாக்கமும்

1860-களில் நோயுற்றுச் சொந்த ஊரில் ஓய்வெடுத்த காலத்தில், சோதனை மருத்துவத்திற்கு ஓர் அறிமுக நூலை எழுதினார். 1865-இல் வெளியான அந்நூல் அறிவியல் முறைமை பற்றிய முக்கிய நூல்களுள் ஒன்றாகும். 1868-இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1878-இல் பாரிஸில் காலமானபோது அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. பிரான்ஸில் அச்சிறப்பைப் பெற்ற முதல் அறிவியலாளர் இவரே. உட்சூழல் பற்றிய விரிவுரைகள் அதே ஆண்டில் அவர் மறைவுக்குப் பின் நூலாயின.

அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் இக்கருத்தை விரிவாக்கி, 1926-இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். தமிழில் இது ஒருசீர்த்திடநிலை எனப்படும். குருதியில் சர்க்கரை மிகும்போது இன்சுலின் அதனைக் கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கச் செய்கிறது. குறையும்போது குளூக்ககான் அதனை மீண்டும் சர்க்கரையாக விடுவிக்கச் செய்கிறது. பெர்னார் காலத்தில் இவ்விரு இயக்குநீர்களும் அறியப்படவில்லை. ஆயினும் அவை செயற்படும் களத்தை அவர் கழுவி வைத்த கல்லீரல் முன்பே காட்டியிருந்தது.